"எங்க போறிய?": குமரிச் சாலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு, போலீஸ் கை காட்டும் நேரத்துக்கான வழிகாட்டி

கோயம்புத்தூரிலிருந்து நாகர்கோவிலுக்கு மாற்றலாகி வந்த நண்பர் ஒருவர், வந்த மூன்றாம் நாளே கொதிப்போடு போன் செய்தார். "செட்டிகுளத்துல போலீஸ் நிறுத்துனாருங்க. லைசென்ஸ் பாத்தாரு, சரி. அப்புறம் எந்த ஊரு, என்ன வேலை, வீடு எங்க எடுத்திருக்கீங்க, பையன எந்த ஸ்கூல்ல சேத்திருக்கீங்கன்னு ஒவ்வொண்ணா கேக்கறாரு. எதுக்குங்க இந்த விசாரணை?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது விசாரணையே இல்லை. இந்த மாவட்டத்தில் டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர், ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி வரிசையில் பக்கத்தில் நிற்கும் பாட்டி என்று யாராக இருந்தாலும் முதல் கேள்வி "எந்த ஊரு?", இரண்டாவது கேள்வி "எங்க போறிய?". காக்கி போட்டால் மட்டும் அந்தப் பழக்கம் போய்விடுமா? அவர் கேட்டதற்குச் சாதாரணமாகப் பதில் சொல்லியிருந்தால், வடசேரிக்குச் சந்தடி இல்லாமல் போக ஒரு வழியும் சேர்த்துச் சொல்லியிருப்பார்.

நான் பதினான்கு வருஷமாக மருந்து கம்பெனி ரெப். ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை பைக்கில் அலைவதுதான் பிழைப்பு. மாதத்தில் இரண்டு மூன்று தடவையாவது எங்காவது ஒரு கை நீளும். இத்தனை தடவை நின்றதில் நான் கண்டது இதுதான்: வண்டியை ஓரங்கட்டியதிலிருந்து முதல் அரை நிமிஷம் நாம் எப்படி நடந்துகொள்கிறோமோ, மீதி ஐந்து நிமிஷமும் அப்படியே போகும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த அரை நிமிஷத்தைப் பழக்கிவிடத்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து இறங்கும் முன்

முதலில் காகித வேலை. லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று நான்கும் வேண்டும். புது வண்டிக்கு முதல் ஒரு வருஷம் புகைச் சான்று தேவையில்லை. எல்லாவற்றையும் டிஜிலாக்கரிலோ எம்-பரிவாஹன் செயலியிலோ ஏற்றிவிடுங்கள். 2018-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்த திருத்தத்துக்குப் பிறகு, இந்தச் செயலிகளில் காட்டும் ஆவணம் அசலுக்குச் சமம். கவனியுங்கள், செயலிக்குள் இருந்து காட்டினால்தான் சமம். கேலரியில் கிடக்கும் போட்டோவும், வீட்டம்மா வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஸ்கேனும் அந்தக் கணக்கில் வராது.

என்றாலும் லைசென்ஸ் கார்டை மட்டும் பர்ஸில் வைத்திருங்கள். பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கம் ரப்பர் காட்டுக்குள் போனால் போனில் டவர் வந்து வந்து போகும். சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டத்தைக் காட்டி "லோட் ஆகுது சார்" என்று நிற்பது இரண்டு பேருக்கும் வெப்ராளம், அதாவது எரிச்சல்.

பலர் மறப்பது ஒன்று உண்டு. மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் உங்கள் வண்டி எண்ணோடு எந்த மொபைல் நம்பர் இணைந்திருக்கிறது என்று பாருங்கள். பழைய நம்பரோ, வண்டி விற்ற டீலரின் நம்பரோ இருந்தால், அபராதம் விழுந்த செய்தி உங்களுக்கு வராது. இங்கே பாதிப் பேருக்கு எல்லை தாண்டி வேலை இருக்கும். பாறசாலையில் சம்பந்தம், திருவனந்தபுரத்தில் ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் ஏர்போர்ட். கேரளத்தில் 2023 முதல் ஏ.ஐ. கேமராக்கள் ஹெல்மெட்டையும் சீட் பெல்ட்டையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. கேமராவுக்கு "எந்த ஊரு?" என்று கேட்கத் தெரியாது. நேராகச் சலான்தான்.

வெளிமாநில நம்பர் வண்டியோடு குடிவந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. மாவட்டத்துக்கு இரண்டு நம்பர் உண்டு: நாகர்கோவிலுக்கு டிஎன் 74, மார்த்தாண்டத்துக்கு டிஎன் 75. கேஎல் வண்டிகளும் இங்கே தாராளமாக ஓடும், அதற்காக யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை. ஆனால் 12 மாதத்துக்கு மேல் இங்கேயே வைத்து ஓட்டினால், பழைய ஆர்டிஓ-விடம் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு வரி கட்டி, நம்பரை மாற்ற வேண்டும். எட்டு வருஷமாக "இப்பதான் சார் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவரை எனக்குத் தெரியும். எந்த நாளும் அது செல்லாது.

நிறுத்துவது யார் என்று பாருங்கள்

வெள்ளைச் சட்டை, காக்கி பேன்ட் என்றால் டிராஃபிக் போலீஸ். முழுக் காக்கி என்றால் உள்ளூர் ஸ்டேஷன்காரர்களாகவோ ஹைவே பேட்ரோலாகவோ இருக்கலாம். ஜீப்போடு நிற்கும் மோட்டார் வாகன ஆய்வாளர் போக்குவரத்துத் துறையைச் சேர்ந்தவர், அவருக்கும் ஆவணம் கேட்கும் அதிகாரம் உண்டு. சீருடையில் இருக்கும் போலீஸ் அதிகாரி கேட்டால் லைசென்ஸைக் காட்ட வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 130-வது பிரிவு. ஊர்க்காவல் படைக்காரர்கள் கூட்டத்தை ஒழுங்குபடுத்த நிற்பவர்கள். அவர்கள் கை காட்டினாலும் நில்லுங்கள். கையில் கம்போடு வெயிலில் நிற்கிற மனுஷனிடம் சட்டப் பிரிவு பேசி வெல்ல வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

கை நீண்டதும்

இங்கேதான் நிறையப் பேர் சொதப்புகிறார்கள். கையைப் பார்த்ததும் சடாரென்று பிரேக் பிடித்து நடுரோட்டில் நிற்பது ஒரு வகை. பின்னால் வந்த பஸ்காரர் அலறியடித்துத் திருப்புவார். போலீஸ்காரருக்கு உங்கள் லைசென்ஸ் மறந்துபோகும், உங்கள் கூறுகெட்ட தனம்தான் கண்ணில் நிற்கும். இடது இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, பைய ஓரத்துக்கு வாருங்கள். அவரைத் தாண்டிப் பத்தடி போய் நின்றாலும் தப்பாக எடுக்கமாட்டார். இண்டிகேட்டர் எரிவதே "நிக்கேன் சார்" என்று சொன்னதற்குச் சமம்.

இன்னொரு வகை, தூரத்திலேயே பார்த்துவிட்டு வண்டியைத் திருப்புகிறவர்கள். எதிர்த்திசையில் வந்தவன் மேல் போய் மோதிய ஒருவரைக் கண் முன்னால் பார்த்திருக்கிறேன். அவரிடம் எல்லா ஆவணமும் இருந்தது, ஹெல்மெட் மட்டும் டேங்க் மேல் இருந்தது. ஆயிரம் ரூபாய்க்குப் பயந்து கணுக்காலை உடைத்துக்கொண்டார்.

பைக்கில் வருகிறவர்கள் இந்த வரிசையில் செய்யுங்கள். எஞ்சினை அணையுங்கள். ஸ்டாண்ட் போடுங்கள். சாவியை நீங்களே எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவி வண்டியில் தொங்கிக்கொண்டு எஞ்சினும் உறுமிக்கொண்டு இருந்தால், ஓடிவிடுவான் என்று எதிரில் இருப்பவருக்குத் தோன்றத்தான் செய்யும். "சாவிய ஏன் சார் பிடுங்குறிய?" என்கிற சண்டையெல்லாம் அதிலிருந்து பிறப்பதுதான். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றுங்கள்.

ஹெல்மெட்டை ஏன் கழற்ற வேண்டும் என்று சொல்கிறேன். அவர் நிற்பது வேப்பமூட்டிலோ மணிமேடையிலோ. நாலு பக்கமும் ஹாரன், டவுன் பஸ் உறுமல், டீசல் புகை, மேலே வெயில். ஹெல்மெட்டுக்குள் இருந்து நீங்கள் சொல்வது அவர் காதில் விழாது, அவர் சொல்வது உங்களுக்குக் கேட்காது. நீங்கள் "என்ன?" என்று சத்தமாகக் கேட்பீர்கள். அந்த "என்ன?", எதிர்த்துக் கேட்ட "என்ன?" ஆக அவருக்குக் கேட்கும். நான் பார்த்த ரோட்டுச் சண்டைகளில் பாதி இந்த ஒரு வார்த்தையில் தொடங்கியவை. முகம் தெரிந்து, கண்ணைப் பார்த்து, தணிந்த குரலில் "சொல்லுங்க சார்" என்றால் சத்தம் இரண்டு பக்கமும் இறங்கிவிடும்.

காரில் இருப்பவர்களுக்கு வேலை குறைவு. கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். நாலு விரற்கடை மட்டும் இறக்கி, அந்த இடுக்கு வழியாகக் கார்டை நீட்டுவது மரியாதைக் குறைவாகத்தான் படும். பாட்டை நிறுத்துங்கள், கூலிங் கிளாஸைக் கழற்றுங்கள். அவர் சொல்லாமல் இறங்க வேண்டாம். ராத்திரி என்றால் உள்விளக்கைப் போட்டு, இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல் தெரிகிற மாதிரி வையுங்கள்.

இந்தக் கடைசி வரியைச் சும்மா எழுதவில்லை. 2020 ஜனவரி 8 இரவு, களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு எஸ்.ஐ. வில்சனை வந்தவர்கள் சுட்டுக் கொன்றார்கள். இந்த மாவட்டத்தில் ராத்திரிக் காவலுக்கு நிற்கும் எந்தப் போலீஸ்காரருக்கும் அது பழைய செய்தி ஆகிவிடவில்லை. இருட்டில் ஒரு கார் வந்து நிற்கும்போது, உள்ளே யார் என்று தெரியாத அந்தச் சில நொடிகள் அவர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். விளக்கைப் போடுவதற்கு நமக்கு ஒரு விரல் போதும்.

பேச்சு

ஆண் என்றால் "சார்", பெண் என்றால் "மேடம்". இதில் புதுமை எதுவும் வேண்டாம். ஊர்ப் பெரியவர்கள் தலைமைக் காவலரை "ஏட்டையா" என்பார்கள். அது பல வருஷப் பழக்கத்தில் வருவது, நீங்கள் சொன்னால் நாடகம் மாதிரி இருக்கும். வயதானவர்கள் செய்யும் தப்பு ஒன்று உண்டு. இருபத்தைந்து வயது கான்ஸ்டபிளைப் பார்த்து, பாசத்தோடுதான், "தம்பி" என்று தொடங்குவார்கள். வீட்டு வாசலில் அது பாசம், சீருடைக்கு முன்னால் அது குத்தும். தக்கலைக்கு மேற்கே போகப்போக "சார்" பைய "சாரே" ஆகும். மலையாள வாடை அடிக்கும். "லைசென்ஸ் உண்டா?" என்று கேட்டால் அது தமிழ்தான், பதற வேண்டாம். "உண்டும் சார்" என்று நீங்களும் சொல்லிப் பாருங்கள், அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "எங்க போறிய?" என்றால் "தக்கலைக்குப் போறேன் சார்" போதும். ஒட்டுமொத்தக் குடும்பக் கதையும் தேவையில்லை. அவராக ஊர் கேட்டால் சொல்லுங்கள். இங்கே ஊர் பேர் சொன்னால் உடனே இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு ஆள் கிடைப்பான்.

அதனால்தான் பெயர் சொல்லித் தப்பிப்பது இங்கே வேலைக்கு ஆகாது. கவுன்சிலர் பெயரையோ எம்.எல்.ஏ. பெயரையோ சொல்லி "ஒரு போன் போடட்டுமா?" என்கிறவர்கள் உண்டு. சின்ன மாவட்டம் இது. நீங்கள் பெயர் சொல்லும் ஆளின் மகள் கல்யாணத்துக்கு அந்த ஏட்டு போன வாரம் மொய் எழுதிவிட்டு வந்திருப்பார். உங்களுக்கு அந்த ஆளைத் தெரியாது என்பது ஒரே கேள்வியில் வெளிவந்துவிடும். நான் ரெப் ஆன புதிதில் ஒரு டாக்டர் பெயரைச் சொல்லி இப்படி மாட்டியிருக்கிறேன். "அவரு ரிட்டயர் ஆயி ஆறு மாசம் ஆச்சே, உனக்குத் தெரியாதா?" என்றார். அபராதத்தை விட அந்தச் சிரிப்புதான் சுட்டது.

"எல்லாரும் போறான், என்னை மட்டும் ஏன் பிடிக்கிறிய?" என்பது அடுத்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அவரால் பதில் சொல்ல முடியாத கேள்வி. பதில் சொல்ல முடியாத கேள்வியை யாரிடம் கேட்டாலும் கோபம்தான் வரும்.

தப்பு நம்முடையது என்றால், "ஆமா சார், மறந்துட்டேன், சலான் போடுங்க" என்று ஒரே வரியில் முடித்துவிடுங்கள். எனக்கு இரண்டு தடவை அந்த வரிக்குப் பிறகு அபராதம் போடாமல் "இனி பாத்துப் போ" என்று அனுப்பியிருக்கிறார்கள். மற்ற தடவைகளில் போட்டார்கள். அனுப்பினால் அவர் பெருந்தன்மை, போட்டால் அவர் வேலை. ரூபாய் நோட்டை மடித்து லைசென்ஸுக்குள் வைத்து நீட்டுவது மட்டும் வேண்டாம். கொடுப்பதும் குற்றம் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எதிரில் நிற்பவர் நேர்மையான ஆளாக இருந்தால் அதுவரை நட்பாக இருந்த பேச்சு அந்த நொடியில் செத்துப்போகும்.

அபராதம் விழுந்தால்

2019-இல் சட்டம் திருத்தப்பட்டு, தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் கட்டணங்கள் உயர்ந்தன. புதியவர்கள் பழைய நூறு ரூபாய் நினைப்பில் வருவதால்தான் வாக்குவாதமே. ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000. பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் ஹெல்மெட் வேண்டும் என்பதை மறக்காதீர்கள். சீட் பெல்ட் 1,000. மூன்று பேர் ஏறினால் 1,000. வண்டி ஓட்டிக்கொண்டே போன் பேசினால் முதல் தடவை 1,000. இன்சூரன்ஸ் இல்லை என்றால் முதல் தடவை 2,000. லைசென்ஸே இல்லாமல் ஓட்டினால் 5,000. ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000. பிளஸ் டூ படிக்கும் பையனிடம் சாவியைக் கொடுத்தால் பெற்றோருக்கே 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் இருக்கிறது, வண்டிப் பதிவும் ஒரு வருஷம் ரத்தாகும். டியூஷனுக்குப் போகிற பிள்ளைக்கு ஸ்கூட்டர் கொடுக்கும் பழக்கம் இங்கே கொஞ்சம் அதிகம், அதனால் சொல்கிறேன்.

குடித்துவிட்டு ஓட்டுவதை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் குற்றம். முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ, அதுவும் கோர்ட்டில். ஊதச் சொன்னால் ஊதுங்கள். மறுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும். இதில் நட்பான சந்திப்பு என்று ஒன்று கிடையாது.

அபராதத்தைக் கையில் இருக்கும் மெஷினில் பதிவார்கள். வண்டி எண், படம், குற்றம் எல்லாம் அதில் ஏறும். அங்கேயே கட்டலாம், வீட்டுக்குப் போய் பரிவாஹன் இ-சலான் தளத்திலும் கட்டலாம். ரசீது இல்லாமல் பணம் கைமாறக் கூடாது. "சார், சலானாவே போட்டுருங்க, ஆன்லைன்ல கட்டிக்கிறேன்" என்பது யாரையும் புண்படுத்தாத வாக்கியம். மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால், அதற்கான தற்காலிக ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். சட்டத்தின் 206-வது பிரிவு அதைக் கொடுக்கச் சொல்கிறது.

இப்போது புதிதாக ஒரு தொல்லை. "உங்கள் வண்டிக்கு அபராதம், விவரம் காண இந்த ஃபைலைத் திறக்கவும்" என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல், அதாவது போனில் செயலியை ஏற்றும் ஃபைல், வரும். அரசு முத்திரை எல்லாம் அச்சு அசலாக இருக்கும். திறந்தால் வங்கிக் கணக்குக் காலி. உண்மையான சலானுக்கு எந்த ஃபைலையும் இறக்க வேண்டியதில்லை. பரிவாஹன் தளத்துக்கு நீங்களே போய் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

நியாயம் நம் பக்கம் இருந்தால்

எல்லாச் சந்திப்பும் இனிமையாக இருக்கும் என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன் என்று அர்த்தம். ஒரு சந்திப்பில், ஊர் பேர் வேண்டாம், எல்லா ஆவணமும் சரியாக இருந்தும் "இருநூறு குடுத்துட்டுப் போ" என்று ஒருவர் நின்றார். நான் மேலே சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னேன். கால் மணி நேரம் ஓரத்தில் நிற்க வைத்தார். நின்றேன். டாக்டர் விசிட் ஒன்று போனது. பிறகு "சரி போ" என்றார். கோபம் வராமலா இருக்கும்? ஆனால் ரோட்டோரம் கோர்ட் ஆகாது. கூட்டம் கூடும், யாராவது வீடியோ எடுப்பான், அதற்குப் பிறகு இரண்டு பேராலும் இறங்கிவர முடியாது.

தேதி, நேரம், இடம், பெயர்ப் பட்டையில் உள்ள பெயர் நான்கையும் மனதில் வாங்கி, வீட்டுக்கு வந்ததும் எழுதி வையுங்கள். நாகர்கோவிலில் இருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்தில் மனுவாகக் கொடுக்கலாம். லஞ்சம் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. சலானே தப்பாக விழுந்திருந்தால் பணத்தைக் கட்டாதீர்கள். ஆட்சேபம் தெரிவிக்கவும், கோர்ட்டில் சொல்லவும் வழி உண்டு. பக்கத்து வண்டியின் நம்பரில் ஒரு எழுத்து மாறி நம் தலையில் விழுவது அடிக்கடி நடப்பது.

எங்கே, எப்போது

நாகர்கோவில் டவுனில் காலையும் சாயங்காலமும் பள்ளிக்கூட நேரத்தில் போலீஸ்காரருக்கு உங்களைப் பிடிக்க நேரமே இருக்காது, கூட்டத்தைத் தள்ளிவிடவே சரியாக இருக்கும். கலெக்டர் ஆபீஸ் பக்கம், வேப்பமூடு, கோட்டாறு எல்லா இடத்திலும் அந்த நேரத்தில் அவர் கை காட்டும் திசைதான் சட்டம், சிக்னல் பச்சையாக இருந்தாலும். ஒருவழிப் பாதைகள் அவ்வப்போது மாறும். மேப் சொல்லும் வழியை நம்பி எதிர்த்திசையில் ஏறி நிற்கும் வெளியூர்க் காரைத் தினமும் ஒன்றாவது பார்க்கலாம். "மேப் காட்டுச்சு சார்" என்று சொன்னால் "மேப்பையும் கூட்டிட்டு வா, சேத்து சலான் போடுவோம்" என்று ஒருவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

மார்த்தாண்டத்தில் மேம்பாலத்தின் மேலே காற்று வாங்கிக்கொண்டு போய்விடலாம், கீழே இறங்கினால்தான் தெரியும். கடைக்குப் போவதென்றால் வண்டியை எங்கே நிறுத்தலாம் என்று அங்கே நிற்கும் போலீஸிடமே கேட்டுவிடுங்கள். நிறுத்திவிட்டுப் பூட்டு விழுந்த பிறகு கேட்பதை விட, நிறுத்தும் முன் கேட்பது சுலபம். அவர்களும் அதை விரும்புகிறார்கள், நாள் முழுக்க யாரும் அவர்களிடம் நல்ல கேள்வி கேட்பதில்லை.

ஆரல்வாய்மொழி வேறு ரகம். கணவாய்க் காற்று, முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிற அதே காற்று, தென்மேற்குப் பருவத்தில் பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். அங்கே சாவடியில் நிறுத்தினால் ஸ்டாண்ட் போட்ட வண்டி காற்றில் சாயாதபடி சுவரோரமாக விடுங்கள். சிரிக்காதீர்கள், என் வண்டி சாய்ந்திருக்கிறது, போலீஸ்காரர்தான் தூக்கி நிறுத்தினார்.

கன்னியாகுமரியில் ஐயப்ப சீசனிலும் விடுமுறை நாட்களிலும் பஸ்ஸும் வேனுமாகக் குவியும். கடற்கரை வரை வண்டி போகாது. திருப்பிவிட்டால் திரும்பிப் போய் நிறுத்திவிட்டு நடங்கள். "ரெண்டு நிமிஷம் சார், சூரியன் மறைஞ்சுரும்" என்று கெஞ்சும் ஆயிரமாவது ஆளாக இருக்காதீர்கள்.

உதவி கேட்கவும் இவர்கள்தான்

வண்டி நின்றுபோனால், வழி தப்பினால், பிள்ளை கூட்டத்தில் தவறினால் முதலில் போக வேண்டிய இடம் சந்திப்பில் நிற்கும் அந்த வெள்ளைச் சட்டைதான். ஒரு மழை நாளில் பெட்ரோல் தீர்ந்த என் பைக்கை, அந்த வழியே வந்த ஆட்டோவை நிறுத்தி, காலால் தள்ளிக்கொண்டு பங்க் வரை விடச் சொன்னவர் ஒரு டிராஃபிக் ஏட்டு. ஆட்டோக்காரர் முணுமுணுத்தார். "நாளைக்கு உனக்கும் தீரும்" என்றார் ஏட்டு.

விபத்தைக் கண்டால் 108-க்கும் 112-க்கும் கூப்பிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் கேஸில் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் இன்னும் இருக்கிறது. சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. உங்கள் பெயரைக் கூடச் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை. 2021 முதல் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசு உதவி உண்டு. "காசு இருக்கா?" என்று யோசித்து நேரத்தைக் கடத்தாதீர்கள்.

திருவிழா நாட்கள்

இந்த மாவட்டத்தில் வண்டி ஓட்டுவதென்றால் பஞ்சாங்கமும் தெரிந்திருக்க வேண்டும். மார்கழியில் சுசீந்திரம் தேர், டிசம்பர் 3-ஐ ஒட்டிக் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, மாசியில் மண்டைக்காட்டுக் கொடை. இந்த நாட்களில் பாதை திருப்பிவிடுவது வழக்கம். காலை பேப்பரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவன் கோயில்களுக்கு, கையில் விசிறியோடு, "கோவிந்தா கோபாலா" என்று சொல்லிக்கொண்டு ராத்திரி பகலாக ஓடுவார்கள். கல்குளம், விளவங்கோடு பக்கத்து ரோடுகளில் அன்று வேகத்தைப் பாதியாக்குங்கள். ஓடுகிறவன் தூக்கக் கலக்கத்தில் ரோட்டின் நடுவுக்கு வந்துவிடுவான். அன்றைக்கு நிற்கும் போலீஸ்காரர்களும் தூங்காதவர்கள்தான்.

நவராத்திரிக்கு முன்னால் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சாமி சிலைகள் புறப்படும். சரஸ்வதி யானை மேல், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் பல்லக்கில். களியக்காவிளை எல்லையில் இரண்டு மாநிலப் போலீஸும் அணிவகுத்து மரியாதை செய்யும். ஊர்வலம் வரும்போது ஹாரன் அடிக்க வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி நில்லுங்கள், நேரமாகும்.

போன நவராத்திரிக்கு மார்த்தாண்டம் பக்கம் அப்படி நின்றோம், நானும் அந்தக் கோயம்புத்தூர் நண்பரும். பல்லக்கு தாண்டிப் போனதும் பக்கத்தில் நின்ற போலீஸ்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, எங்கள் காரைப் பார்த்து, "எந்த ஊரு?" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் நண்பர் முந்திக்கொண்டார். "பார்வதிபுரம் சார்."

"பார்வதிபுரத்துல எங்க?" என்றார் அவர்.